ஐம்பது பேரும் ஒரு புல்லாங்குழலும்

பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் சந்தடி உண்டாகும். ஐம்பது பேர் கூடினால் கேட்கவே வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணங்களே இதற்குச் சாட்சி. சென்ற மாதம் செங்கற்பட்டில் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மாலை வரவேற்பில் பாட்டுக் கச்சேரி. மேடையில் இருந்தவர்கள் ஆறே பேர்தான். ஆனால் அவர்களுக்குத் துணையாக ஆளுயர ஒலிபெருக்கிகள் எட்டு நின்றன. பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வாயசைவை வைத்து ஊகித்துக்கொண்டு, "மூக்கும் முழியுமாக லட்சணமாக இருக்கிறாள்" என்று பதில் சொன்னேன். அவர் கேட்டது, "காபி சாப்பிட்டாயிற்றா?" என்பது பின்னால்தான் தெரிந்தது!

இனித் தாங்காது என்று, என் அக்கா பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளிப் பிடில் மாமாவின் வீடு. நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் குடியிருந்தது அதற்கு அடுத்த வீட்டில்தான். மொட்டை மாடியில் ஏறி நின்றால் கொளவாய் ஏரி தெரியும். ஏரியை ஒட்டி ரயில் போவதும் தெரியும். அந்த ரயிலில்தான் மாமா கால் நூற்றாண்டுக் காலம், பிடில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் வந்தார். சினிமாப் பாட்டு ஒலிப்பதிவுகளில் வயலின் வாசிப்பது அவர் தொழில். முதல் வரிசை அல்ல, பின் வரிசை. அவர் வாசித்த பாட்டுக்களை நீங்களும் நானும் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அவருடைய பெயரை ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டோம்.

"வாடி, வா! அங்கே கச்சேரி நடக்கிறதா, இல்லை கல் உடைக்கிறாளா? இங்கே ஜன்னல் கதவெல்லாம் ஆடறது!" என்று மாமி வரவேற்றாள்.

காபி வந்தது. காதுக்குக் கொஞ்சம் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று சொல்லி, அக்கா பெண் தன் கைபேசியில் ஒரு பாட்டை வைத்தாள். பியானோ ஒன்று, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் நடப்பது போல மெல்ல அடியெடுத்து வைத்தது. அதன் மேல் ஓர் ஆண் குரல். பாடுகிறதா, தனக்குத் தானே பேசிக்கொள்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எங்கோ கிதார், எங்கோ வேறு வாத்தியங்கள். அவை இருக்கின்றன என்பது, அவை நிற்கும்போதுதான் தெரிந்தது.

"யாருடி இது? பாவம், தூக்கத்தில் பாடறார் போலிருக்கே!" என்றாள் மாமி.

அக்கா பெண் விளக்கம் சொன்னாள். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் என்று ஓர் ஊர். அந்த நாட்டின் பட்டிக்காட்டுப் பாட்டுக்கு, அதாவது 'கண்ட்ரி மியூசிக்' என்கிறார்களே அதற்கு, தலைநகரம் மாதிரி. உழவன், லாரி ஓட்டி, பிரிந்து போன காதலி என்று எளிய மனிதர்களின் பாட்டாக இருந்தது, நாளடைவில் ஜிகினாவும் பளபளப்பும் ஏறிப் பெரிய வியாபாரமாகிவிட்டது. அந்தப் பளபளப்பு வேண்டாம் என்று ஒதுங்கியவர்களின் பாட்டுக்கு 'மாற்றுக் கண்ட்ரி' என்று பெயர். இப்படி ஒதுங்கியவர்களில் ஒரு கோஷ்டிதான் 'லாம்ப்சாப்'. தலைவர் கர்ட் வாக்னர் வீடுகளுக்கு மரத்தரை பதிக்கும் வேலை செய்து வந்தவர். கோஷ்டியில் பத்துப் பேருக்கு மேல். 2000-ல் அவர்கள் வெளியிட்ட 'நிக்ஸன்' என்ற ஆல்பம் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு, கூட்டம் பெரிதாயிற்றே, இன்னும் உரக்க வாசிப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, 2002-ல் முன்னிலும் மெல்ல வாசித்து வெளியிட்டார்கள். அதுதான் நாங்கள் கேட்டது. அதன் பெயர் 'இஸ் எ உமன்'.

"லாம்ப்சாப்புன்னா என்னடி அர்த்தம்?"

"ஆட்டு இறைச்சித் துண்டு, பாட்டி."

மாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஆல்பத்துக்குப் பேர் பெண், பாடறவர் ஆண், கோஷ்டிக்குப் பேர் ஆடு. நன்னாயிருக்கு, போ!"

மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகு, "இவ்வளவு பேரும் உள்ளே இருக்கா. ஆனா ஒருத்தர் பேர்லே ஒருத்தர் இடிச்சுக்காம இருக்கா. இது லேசுப்பட்ட வேலை இல்லே" என்றார். பிறகு அக்கா பெண்ணைப் பார்த்து, "இதை நம்ம ஊர்லேயும் பண்ணிப் பார்த்தாச்சு, குழந்தே. 1988-லே. நீ கேட்டிருக்கமாட்டே" என்றார்.

அவர் சொன்னது இளையராஜாவின், 'நத்திங் பட் விண்ட்'. தமிழில் சொல்வதானால், 'காற்றே அன்றி வேறில்லை.'

நமது நேயர்களில் பலர் வீட்டில் அந்தக் கேஸட் இருந்திருக்கும். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பண்ணைப்புரம் என்ற கிராமத்திலிருந்து வந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதம் கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது, வயற்காட்டு மெட்டை எடுத்து நகரத்து வாத்தியங்களின் நடுவில் உட்கார வைத்தார். மெட்டும் கூசவில்லை, வாத்தியங்களும் கூசவில்லை. இது ஊரறிந்த கதை.

பத்து வருஷம் கழித்து, சினிமாவுக்காக அல்லாமல் இரண்டு ஆல்பங்கள் செய்தார். முதலாவது 1986-ல் வந்த, 'ஹவ் டு நேம் இட்'. தியாகையருக்கும், ஜெர்மனியின் பாக் என்ற மேதைக்கும் சமர்ப்பணம் செய்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பிரதானம். இரண்டாவதுதான், 'நத்திங் பட் விண்ட்'. ஐம்பது பேர் கொண்ட வாத்திய கோஷ்டி; அதற்கு முன்னால் ஒரே ஒரு மூங்கில் குழல். குழலை வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராஸியா. அலகாபாத்தில் மல்யுத்தக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, அப்பாவின் கோதாவை விட்டுக் குழலைப் பிடித்துக்கொண்டவர். சங்கீதமும் தென்றல், வாடை, புயல் போல இயற்கையில் உள்ள ஒரு காற்றுத்தான் என்பது ஆல்பத்தின் கருத்து.

மறுநாள் முகூர்த்தமும் சாப்பாடும் முடிந்த பிறகு, மகாபலிபுரம் வரை போய்வருவது என்று தீர்மானித்தோம். மாமாவும் மாமியும் கிளம்பினார்கள். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அக்கா பெண் காரில் அந்த ஆல்பத்தை வைத்தாள். வழக்கம்போல் சத்தத்தைக் கூட்டப் போனாள். "குறைச்சு வை. அது தானா வரும்" என்றார் மாமா.

வந்தது. வடநாட்டுக் குழல் நம் குழலைவிட நீளம். ஆகையால் அதன் குரலும் தணிந்தது. அது தன்பாட்டில் போகிறது. அடியில் வயலின்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கின்றன. முழுவதும் மெல்லியதாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 'மொஸார்ட், ஐ லவ் யூ' என்ற பகுதி பள்ளிக்கூடம் விட்ட குழந்தைகளைப் போல ஓடுகிறது. ஆனால் ஓடின பிறகு மூச்சு வாங்க ஓரிடம் வருகிறதே, அங்கேதான் மாமா விரலை உயர்த்தி, "கவனி" என்றார்.

"நீங்கள் இதில் வாசித்தீர்களா, மாமா?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. எனக்கு அப்போ வேறே இடத்திலே வேலை. ஆனா, எந்த நாற்காலியிலே உட்கார்ந்திருப்பேன்னு தெரியறது."

ஒரு வயலின் மெல்ல வாசிப்பதற்கும், இருபது வயலின் மெல்ல வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் எங்களுக்குச் சொன்னார். தனி வயலினை மெல்ல வாசித்தால் அது மெல்லிய சத்தம், அவ்வளவுதான். இருபது பேர் ஒரே ஸ்வரத்தை வாசித்தால், எவ்வளவு கவனமாக வாசித்தாலும் ஆளுக்கு ஓர் இம்மி முன்பின் இருக்கும். அந்த இம்மிகள் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் சத்தத்துக்கு அகலம் வருகிறது. அகலம் வந்துவிட்டால் பிறகு உரக்க வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதற்காக வில்லைக் குதிரைக்குப் பக்கத்தில் ஓட்டாமல், விரற்பலகைப் பக்கமாகத் தள்ளி ஓட்டுவார்களாம். குதிரையின் மேலேயே 'மியூட்' என்று சின்ன ரப்பர்க் கவ்வி ஒன்றைப் போடுவதும் உண்டாம். நாதம் போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"இதெல்லாம் கைப்பழக்கம். ஒரு மாசத்திலே வந்துடும். சும்மா இருக்கறது இருக்கு பார், அதுதான் வராது. நோட்ஸிலே நாற்பது பார் சும்மா இருன்னு எழுதியிருக்கும். வில்லைத் தொடையிலே வெச்சுண்டு எண்ணிண்டே இருக்கணும். நாற்பத்தோராவது பார்லே எட்டே எட்டு ஸ்வரம். அதிலே தப்பினா ஐம்பது பேரும் முதல்லேருந்து வாசிக்கணும். வாசிச்சதுக்குப் பேர் வராது. தப்பினா மட்டும் வரும்!"

பின் ஸீட்டிலிருந்து மாமி சொன்னாள்: "இவர் எண்ணினது நாற்பது பார். நான் இருபத்தைஞ்சு வருஷமா எண்ணிண்டிருக்கேன்."

காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமி சொன்னதில் கதை இருக்கிறது. 1990-க்குப் பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் வந்தன. இருபது வயலினின் நாதம் ஒரு பெட்டிக்குள் அடங்கிற்று. அது பசி என்று சொல்லாது, ரயில் தாமதம் என்று சொல்லாது. வாரத்தில் ஆறு நாள் இருந்த கால்ஷீட் மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று, பிறகு டெலிபோன் வருவது நின்றுவிட்டது. ஒரு நாள் மாமா பிடில் பெட்டியைப் பீரோவின் மேல் வைத்தார். மாமி அப்பளமும் ஊறுகாயும் போட்டு விற்றாள். பெண்ணைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தாள். அந்த வீட்டின் பின் வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் வாசித்தவள் அவள்தான்.

திருக்கழுக்குன்றத்தில் கார் மெதுவாயிற்று. மலை மேல் உச்சி வேளைக்குக் கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகுமே, அவை வருவது நின்று பல வருஷங்கள் ஆயின. மாமா மலையை அண்ணாந்து பார்த்து, "அதுகளும் வரதில்லே, எங்களையும் கூப்பிடறதில்லே" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

அக்கா பெண் விட்டுக்கொடுக்கவில்லை. "தாத்தா, நான் சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதேங்கோ. கம்ப்யூட்டர் இருக்கறதாலேதான் என் சிநேகிதி ஹாஸ்டல் ரூமிலே உட்கார்ந்து தனியாப் பாட்டு அமைக்கறாள். ஐம்பது பேருக்குக் கூலி கொடுக்க அவளாலே முடியுமா? உங்க வரிசையிலே பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தா?"

மாமா யோசித்தார். "விரல் விட்டு எண்ணிடலாம்" என்றார். "நீ சொல்றது நியாயந்தான். கதவு ஒண்ணு திறந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாங்க வெளியே போனதும் அதே கதவு வழியாத்தான்."

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. கோஷ்டி சங்கீதம் அடியோடு போய்விட்டதாகவும் சொல்ல முடியாது. இளையராஜாவே 2005-ல் தம் 'திருவாசக'த்துக்காக ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் கோஷ்டியை வாசிக்க வைத்தார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் 'வேலியண்ட்' என்ற அவருடைய சிம்பொனி அரங்கேறியது. முன்னே சொன்ன வி. எஸ். நரசிம்மன் 1993-ல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் கோஷ்டியைத் தொடங்கி, நம் கிருதிகளுக்கே நான்கு குரல் அமைத்து வாசித்தார். ஆனால் நம் சினிமாக்காரர்களுக்குப் பெரிய வயலின் வரிசை வேண்டுமென்றால், இன்று புடாபெஸ்ட்டுக்கோ மாசிடோனியாவுக்கோ நோட்ஸை அனுப்பி வாசித்து வாங்குவது சகஜமாகிவிட்டது. செங்கற்பட்டு ரயிலில் வந்த பெட்டி இப்போது கடல் கடந்து இருக்கிறது.

மகாபலிபுரத்தில் காற்று பலமாக இருந்தது. கடற்கரைக் கோயிலில் கூட்டம். மாமா எங்களைக் கிருஷ்ண மண்டபத்துக்கு அழைத்துப் போனார். பல்லவர் காலத்தில் பாறையில் செதுக்கிய சிற்பம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் சேர்த்தது. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். இந்திரன் பெய்வித்த பெருமழை. ஊர் முழுவதும் மலைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறது. எவ்வளவு அமளி துமளியாக இருக்க வேண்டும்! ஆனால் பாருங்கள்: ஒருவன் நிதானமாகப் பால் கறந்துகொண்டிருக்கிறான். பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. தலையில் பானைகளோடு ஒருத்தி நிற்கிறாள். ஒரு பக்கம் ஒருவன் குழல் ஊதுகிறான்.

"எத்தனை பேர் இருக்கா! எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்யறாளா?" என்று மாமா கேட்டார். "அவாவா வேலையை அவாவா பார்க்கறா. ஆனாலும் படம் ஒண்ணுதான். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் எழுதறதுன்னா இதுதான், குழந்தே."

எனக்குப் பளிச்சென்று விளங்கிற்று. நம் கச்சேரியில் பாட்டு ஒன்று. பிடில் அதைப் பின்தொடர்ந்து போகும். மேனாட்டு முறையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வழி. அத்தனை வழிகளும் ஒரே ஊருக்குப் போகவேண்டும். இளையராஜா அத்தனை பேருக்கும் உரிய வழியைத் தம் கையாலேயே எழுதிக் கொடுப்பவர். நாஷ்வில் தரைக்காரரும் வேறு விதமாக அதே காரியத்தைத்தான் செய்தார். கூட்டத்தைச் சேர்ப்பது சத்தத்துக்காக அல்ல. பால் கறக்கிறவனுக்கும் பானை சுமக்கிறவளுக்கும் ஆளுக்கு ஓர் இடம் கொடுப்பதற்காக.

வெளியே வந்தோம். தெருவில் சிற்பக்கூடம் ஒன்றில் உளிச் சத்தம் 'டக் டக்' என்று கேட்டது. பக்கத்தில் கல் அறுக்கும் மின்சார யந்திரமும் இரைந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு மாமா சிறிது நேரம் நின்றார். பிறகு திடீரென்று மாமியைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பிடில் இன்னும் ஒட்டிண்டிருக்கா, விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இறக்கித் துடைச்சு, கம்பியைத் தளர்த்திவிட்டுத்தானே வெக்கறேன்? நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாத்தானே!" என்றாள் மாமி.

இந்த ஆல்பத்தைக் கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் வேலையெல்லாம் முடிந்து, தொலைக்காட்சியையும் நிறுத்திய பிறகு கேளுங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். முதல் தடவை குழலோடு போங்கள். இரண்டாவது தடவை குழலை விட்டுவிட்டு, பின்னால் ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, அது எப்போது பேசுகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஏதோ ஓர் ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர். அவருக்கும் ஒரு வீடு இருந்தது.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிற சமயத்தில் மாமியிடமிருந்து டெலிபோன். "கம்பி மாத்தியாச்சு. விரல் மறந்துடுத்தாம், சாயங்காலம் மாடியிலே உட்கார்ந்து கர்ரு புர்ருன்னு இழுக்கறார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒண்ணு வந்து வாயைப் பிளந்துண்டு பார்க்கறது. எனக்கும் கத்துக்கொடுன்னு கேக்கறதாம்."

"கேட்க எப்படி இருக்கிறது, மாமி?"

"நாராசமா இருக்குடி" என்றாள் மாமி. "ஆனா, மெள்ளத்தான் வாசிக்கறார்."